பிப் நேர்காணலும் என் முதுகும்

பிரித்தானியாவில் நாட்பட்ட வருத்தமோ ஊனமோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தரும் பிப் (PIP) என்ற கொடுப்பனவுக்கான நேர்காணல் என்றதும், டொக்டர் ஒருத்தர் முதுகை அமத்திப் பார்த்து, ஸ்கானை வெளிச்சத்தில் பிடித்து, "ஓம், இவவுக்கு வருத்தம் உண்மைதான்" என்று எழுதித் தருவார் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் எங்கட ஆட்களில் நிறையப் பேர். அங்கே பெரும்பாலும் டொக்டரே இருக்க மாட்டார். தாதி, பிசியோதெரபிஸ்ட், ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட், பரமெடிக் இவர்களில் ஒருவர் கொம்பியூட்டருக்கு முன்னால் இருப்பார். நீங்கள் சொல்லச் சொல்லத் தட்டுவார். உங்களுக்கு என்ன வருத்தம் என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. அந்த வருத்தத்தால் ஒரு நாளில் உங்களுக்கு என்னென்ன செய்ய முடியாமல் போகிறது என்பதைத்தான் அவர் எழுத வேணும். வருடக்கணக்காக வலியோடு இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் முதலில் பிடிபட வேணும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் கதை சுருக்கம். லண்டனில் கெயார் ஹோமில் பல வருடம் முதியவர்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிய வேலை. கீழ் முதுகு டிஸ்க் தேய்ந்தது. பிறகு கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் உளைவெடுக்கத் தொடங்கி, அதற்குப் பைப்ரோமயால்ஜியா என்று பெயர் வைத்தார்கள். ஸ்கானில் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. பார்க்கிறவர்களுக்கு நான் வடிவாக உடுத்து, தலை இழுத்து, சிரித்துக் கதைக்கிற மனுசி. காலையில் கட்டிலிலிருந்து எழும்ப எடுக்கும் நேரம் என் கணவர் இவருக்கு மட்டும்தான் தெரியும்.

பிப் என்பது இங்கே வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கான கொடுப்பனவு. 2012 இன் நலன்புரிச் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், டிஎல்ஏ என்ற பழைய ஊனக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2013 ஏப்ரலில் தொடங்கியது. ஸ்கொட்லாந்தில் 2022 இலிருந்து வேறு பெயரில் வேறு முறை வந்துவிட்டது. அங்கே இருப்பவர்கள் நான் சொல்லும் நடைமுறையை அப்படியே எடுக்க வேண்டாம். பிப் வேலை செய்தாலும் கிடைக்கும், வங்கியில் காசு இருந்தாலும் கிடைக்கும், வரி இல்லை. அன்றாட வாழ்க்கைக்குப் பத்துச் செயல்கள், நடமாட்டத்துக்கு இரண்டு. சமைப்பது, சாப்பிடுவது, மருந்தெடுப்பது, குளிப்பது, மலசலகூடம் போவது, உடுப்பு மாற்றுவது, கதைப்பது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, காசைக் கையாளுவது, பிறகு வழி தெரிந்து போவது, நடப்பது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பிரிவில் 8 வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடிய தொகை. 2025-26 இல் அன்றாடப் பிரிவுக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண், நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05 பவுண்.

இந்தப் பன்னிரண்டில் வலி எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. "எனக்குத் தாங்க முடியாத வலி" என்று நீங்கள் அழுதாலும் அதற்கு ஒரு புள்ளியும் கிடையாது. சட்டத்தில் வலி நுழைகிற வாசல் ஒன்றுதான். 2013 பிப் ஒழுங்குவிதிகளில் 4(2ஏ) என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு செயலை உங்களால் செய்ய முடியும் என்று எழுத வேண்டுமானால், அதை ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க தரத்தில், தேவையான அளவு திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேணும் என்று அது சொல்கிறது. நியாயமான நேரம் என்றால், வருத்தம் இல்லாத ஒருவர் வழக்கமாக எடுக்கக்கூடிய ஆகக்கூடிய நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. அதோடு, ஒரு செயலில் உங்களுக்கு இருக்கும் சிரமம் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இருக்க வேணும். ஒரு நல்ல நாளில் நான் என்ன செய்வேன் என்பதை வைத்துப் புள்ளி போட ஏலாது என்பதற்கு இதுதான் ஆதாரம்.

ஆகவே எங்கட வேலை, வலி எவ்வளவு என்று சொல்வதல்ல. அந்த வேலையைச் செய்ய எவ்வளவு நேரம் போகிறது, இடையில் எத்தனை தடவை நிற்கிறோம், செய்த பிறகு எவ்வளவு நேரம் படுக்கிறோம், அன்றைக்கே இன்னொரு தடவை செய்ய ஏலுமா, அடுத்த நாள் என்ன நடக்கிறது என்று சொல்வது.

சமையலை எடுங்கள். படிவத்தில் கேட்பது ஒரு ஆளுக்கு, பச்சை மரக்கறி இறைச்சியில் இருந்து, ஒரு சாதாரணச் சாப்பாடு. நாலு கறியும் சொதியும் சம்பலும் இல்லை. அதனால் "முந்தி மாதிரி முப்பது பேருக்குச் சமைக்க ஏலாது" என்று எழுதுவதால் பயனில்லை. நான் எழுதியது இப்படி: ஒரு வெங்காயம் வெட்டத் தொடங்கினால் பாதியிலேயே வலது கை விறைத்துவிடும், கத்தி கைநழுவி விரல் வெட்டுப்பட்டிருக்கிறது. அடுப்படியில் நிற்பது கறி தாளிக்கிற நேரம் வரைக்கும்தான். பிறகு இடுப்பிலிருந்து கீழே எரியும். அதனால் உயரமான ஸ்ரூல் ஒன்றில் சாய்ந்து இருந்துதான் செய்கிறேன். சோற்றுப் பானையை வடிக்க நான் தூக்குவதில்லை, இவர் வேலையால் வரும்வரை அது அடுப்பிலேயே இருக்கும். கிழமையில் பெரும்பாலான நாட்களில் மைக்ரோவேவில் சூடாக்குவதுதான். இந்த ஸ்ரூல் ஒரு உதவிச் சாதனம். அதற்குப் புள்ளி உண்டு. பக்கத்தில் ஒரு ஆள் நின்று உதவ வேண்டுமென்றால் இன்னும் கூட. அவன் (oven) அடுப்புக்குள்ளே குனிந்து தட்டை எடுக்க ஏலாது என்பதற்கு ஒன்றும் கிடைக்காது. ஏனென்றால் சமைப்பது என்றால் இடுப்பு உயரத்தில் அல்லது அதற்கு மேலே சூடாக்குவது என்றுதான் சட்டம் சொல்கிறது. இதெல்லாம் தெரியாமல் ஒரு பக்கம் முழுக்க அந்த அவன் அடுப்பைப் பற்றி எழுதியவர்களை எனக்குத் தெரியும்.

படிவத்தை நிரப்ப ஒரு மாதம் தருவார்கள். போதாது என்றால் போன் எடுத்துக் கூடுதல் நாள் கேட்கலாம். ஒரே இருப்பில் எழுத முயலாதீர்கள். கையால் எழுதுவது வலி என்றால் தனித்தாளில் ரைப் செய்து, ஒவ்வொரு தாளிலும் பெயரும் நஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கமும் போட்டு இணைக்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு அமைப்பில் இலவசமாக உதவி செய்வார்கள். சில கவுன்சில்களிலும் நலன்புரி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் போக முதல் நீங்களே ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். அவர்களுக்குச் சட்டம் தெரியும், உங்கட குளியலறை தெரியாது.

குளியலறை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் படிவத்தில் ஆகக் கஷ்டம் அந்தப் பக்கங்கள்தான். மலசலகூடத்திலிருந்து எழும்பும்போது நான் கைகழுவும் பேசினைப் பிடித்துத்தான் எழும்புகிறேன், மாதவிடாய் நாட்களில் என்ன பாடு, கால் கழுவக் குனிய ஏலாமல் என்ன செய்கிறேன் என்பதெல்லாம் எழுத வேண்டி வந்தது. எழுதியதை வாசித்துச் சரிபார்க்க இவரிடம் கொடுத்தேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதில் சிலது அவருக்குப் புதிது. வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய்ச் சுவரில் பூட்டும் கைபிடி ஒன்று வாங்கி வந்து, துளை போட ட்ரில் இல்லாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் பூட்டினார். கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கிறது. கூச்சப்பட்டு இந்தப் பக்கங்களை வெறுமையாக விட்டால், அங்கே உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றுதான் எடுப்பார்கள்.

இனி ஆதாரம். ஜீபியிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், கடிதம் கேட்டால் சில இடங்களில் காசு கேட்பார்கள், கிடைக்கும் கடிதமும் "இவ என்னுடைய நோயாளி, இந்தக் குளிசைகள் எடுக்கிறா" என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். அதை விட, உங்கட மருத்துவப் பதிவின் அச்சுப் பிரதி, பிசியோவிலிருந்தும் வலிக் கிளினிக்கிலிருந்தும் வந்த கடிதங்கள், மருந்துச் சீட்டு எல்லாம் மேல். ஒக்கியுபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து குளியல் தொட்டிக்குப் பலகை தந்திருந்தால் அந்தக் கடிதம் பொன். நான் ஒரு மாதம் வலிக் குறிப்பு எழுதினேன். "இன்றைக்கு வலி பத்துக்கு எட்டு" என்று எழுதுவதால் பெரிதாகப் பயன் இல்லை. "குளித்துவிட்டுத் துவாயோடு கட்டிலில் படுத்தேன், உடுப்புப் போட மத்தியானம் ஆனது, சொக்ஸ் மகள் போட்டுவிட்டா" என்று எழுதினால் அதில் குளியலும் உடுப்பும் நேரமும் உதவியும் வந்துவிடும்.

மருந்தைப் பற்றி ஒரு விசயம் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேணும். நேர்காணல் அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு நியாயம்: "பலமான வலிநிவாரணி எதுவும் எடுப்பதில்லை, ஆகவே வலி கடுமையாக இருக்க முடியாது." கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் இங்கே மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2021 ஏப்ரலில் வெளியிட்ட என்ஜி193 என்ற வழிகாட்டியில், பைப்ரோமயால்ஜியா போன்ற, வேறு காரணம் காட்ட முடியாத நாட்பட்ட வலிக்கு ஓபியொயிட், பரசிற்றமோல், இபுப்ரோபன் வகை, கபாபென்ரின் வகை இதெல்லாம் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அமிற்றிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளையும் உடற்பயிற்சியையும்தான் அது முன்வைக்கிறது. என் ஜீபி எனக்குப் பலமான குளிசை தராதது இந்த வழிகாட்டியால். அதைப் படிவத்தில் ஒரு வரியில் எழுதினேன். இரவில் அமிற்றிப்டிலின் எடுத்தால் அடுத்த நாள் பத்து மணி வரைக்கும் தலை மந்தம், வாய் காய்வு, படியில் இறங்கப் பயம் என்பதையும் எழுதினேன். சித்தாலேப பூசுகிறது, சுடுதண்ணிப் போத்தல் வைக்கிறது, பெல்ட் கட்டுகிறது என்பவற்றையும் சேர்த்தேன். ஆயுர்வேத எண்ணெய் பூசுகிறவர்கள் வெட்கப்பட்டு அதை ஒளிக்க வேண்டாம். யார் பூசிவிடுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

நேர்காணல் போனில் நடக்கலாம், வீடியோவில் நடக்கலாம், நிலையத்துக்குக் கூப்பிடலாம், சிலருக்கு வீட்டுக்கும் வருவார்கள். சுமார் ஒரு மணித்தியாலம். கடிதம் வந்தவுடனே போன் எடுத்துக் கேட்க வேண்டியவை சில. மொழிபெயர்ப்பாளர் வேணுமா? காலையில் எழும்ப ஏலாது என்றால் பின்னேரம் தருவார்களா? இடையில் எழும்பி நடக்கலாமா? ஒலிப்பதிவு செய்ய வேணுமா? ஒலிப்பதிவை முன்கூட்டியே கேட்க வேணும், அன்றைக்குப் போய்க் கேட்டால் நடக்காது. நான் கேட்டேன், செய்தார்கள். பிறகு அது எவ்வளவு கை கொடுத்தது என்று கீழே சொல்கிறேன். அன்றைக்கு ஏலாமல் போனால் முன்கூட்டியே சொல்லி நேரத்தை மாற்றுங்கள். காரணம் சொல்லாமல் போகாமல் விட்டால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள்.

இங்கிலீஷ் கதைக்கத் தெரிந்தாலும், வலியை இங்கிலீஷில் சொல்லத் தெரியாதவர்கள் மொழிபெயர்ப்பாளர் கேட்பது நல்லது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மகனுக்கு முன்னால் ஒரு தாய் மலசலகூடக் கேள்விக்கு உண்மை சொல்ல மாட்டா. மொழிபெயர்ப்பாளரிடம் தொடக்கத்திலேயே, "நான் சொல்லுறதைச் சுருக்காமல் எல்லாத்தையும் சொல்லுங்கோ தம்பி" என்று மரியாதையாகச் சொல்லிவிடலாம். நீங்களும் இரண்டு வசனத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேணும். கூட ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவருக்கும் கதைக்க இடம் கொடுப்பார்கள். நீங்கள் பதில் சொன்ன பிறகு, "இவ சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கு" என்று தொடங்குகிற ஆள்தான் நல்ல துணை.

அன்றைக்கு. கண்ணில் பட்ட இடத்திலிருந்தே அவர்கள் பார்க்கத் தொடங்குவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் இடத்தில் கதிரையிலிருந்து எப்படி எழும்புகிறீர்கள், கதவை எந்தக் கையால் திறக்கிறீர்கள், ஹாண்ட்பாக்கைக் குனிந்து எடுக்கிறீர்களா, எவ்வளவு தூரம் எந்த வேகத்தில் நடந்தீர்கள் எல்லாம் அறிக்கையில் வரும். கோயிலில் ஒரு அண்ணை எனக்கு ஆலோசனை சொன்னார்: "பிள்ளை, ஒரு தடியோட போ, நல்லா நொண்டு." தடி பாவிக்காதவர்கள் தடியோடு போனால் அதைப் பிடிக்கிற கையிலேயே பிசியோதெரபிஸ்டுக்கு விளங்கிவிடும். நடிப்பு தேவையே இல்லை. எங்கட பிரச்சினை கூட்டிச் சொல்வதில் இல்லை, குறைத்துச் சொல்வதில்தான். எப்படி இருக்கிறீங்கள் என்று கேட்டால் வாயில் தன்பாட்டில் வருவது, "நல்லா இருக்கிறேன், நீங்கள்?" அது மரியாதை. அறிக்கையில் அது பதிலாகப் போய்விடும். நான் அன்றைக்குச் சொன்னது: "வந்து சேர்ந்ததே பெரிய பாடு, இப்பவே முதுகு எரியுது. ஆனாலும் கதைக்கலாம்."

என்னை நேர்காணல் செய்த அம்மா நல்லவிதமாகத்தான் கதைத்தா. தண்ணி வேணுமா என்று கேட்டா. ஆனால் நல்லவிதமாகக் கதைக்கிறவர் நல்லவிதமாக எழுதுவார் என்று நம்ப வேண்டாம், அது வேறு இது வேறு. ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று கேட்டா. நாய் பூனை வளர்க்கிறீங்களா, நாடகம் பார்ப்பீங்களா, கார் ஓடுவீங்களா, கிழமையில் எங்கே போவீங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு செயல் இருக்கிறது. கார் ஓடுவேன் என்றால் ஸ்டியரிங் பிடிக்கக் கை பலம் இருக்கு, கவனம் இருக்கு, காலால் அமத்த ஏலும் என்று போகும். அப்படியே விடாமல், ஓட்டோமற்றிக், பக்கத்தில் உள்ள மருந்துக்கடை வரைக்கும்தான், வலி கூடின நாட்களில் சாவியைத் தொடுவதில்லை என்று உங்கட நிலைமைக்கு உண்மையானதை முழுதாகச் சொல்ல வேணும்.

எங்கே போவீங்கள் என்பதற்கு நான் கோயில் என்றேன். வெள்ளிக்கிழமைகளில் முடிந்தால் இவர் கூட்டிக்கொண்டு போவார். பின்பக்கம் சுவரோடு போட்ட கதிரையில் இருந்து ஒரு பூசை பார்த்துவிட்டு, அன்னதானத்துக்கும் நிற்காமல் திரும்பிவிடுவோம், பிறகு அடுத்த நாள் மத்தியானம் வரை படுக்கை. இதை எல்லாம் சொன்னேன். பிறகு வந்த அறிக்கையில், ஒவ்வொரு கிழமையும் வழிபாட்டுக்குப் போகிறார், நிலத்தில் இருந்து எழும்பும் ஆற்றல் உண்டு, ஆகவே உடுப்பு மாற்றவும் குளிக்கவும் தனியே முடியும் என்று இருந்தது. கோயில் என்றால் எல்லாரும் நிலத்தில் சப்பாணி கட்டி இருப்பார்கள் என்று அவ எங்கேயோ பார்த்திருக்க வேணும்.

நடக்கிற கேள்விக்குத் தயாராகாமல் போகவே கூடாது. இதற்கு அளவு மீற்றரில். எழும்பி நின்று 50 இலிருந்து 200 மீற்றர் என்றால் 4 புள்ளி. 20 இலிருந்து 50 வரை, துணைச் சாதனம் இல்லாமல் என்றால் 8, சாதனத்தோடு என்றால் 10. 20 மீற்றருக்குள் என்றால் 12. ஐம்பது மீற்றர் என்றால் லண்டன் பஸ் ஐந்தை வரிசையாக நிறுத்திய நீளம். வீட்டு வாசலிலிருந்து எங்கே அது முடிகிறது என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். எங்கட தெருவில் நாலாவது வீட்டுக் குப்பைத் தொட்டி. அதுவரை போக நான் இரண்டு தடவை மதிலைப் பிடித்து நிற்கிறேன். "பத்து நிமிசம் நடப்பேன்" என்று மட்டும் சொன்னால், சுகதேகி பத்து நிமிசத்தில் நடக்கிற தூரத்தைக் கணக்குப் போட்டு எழுதிவிடுவார்கள். அந்தப் பத்தில் நாலு நிமிசம் நின்றது என்று நீங்கள்தான் சொல்ல வேணும். இங்கேயும் அந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் விதி வேலை செய்யும். ஒரு தடவை போகலாம், வந்த கையோடு இன்னொரு தடவை போக ஏலாது என்றால், அந்த ஒரு தடவை கணக்கில் வரக்கூடாது.

கடைசியில் கையைத் தூக்கு, குனி, காலை நீட்டு என்று சில அசைவுகள் கேட்டா. வலிக்கும் அசைவைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னது போலப் பல்லைக் கடித்துச் செய்து காட்ட வேண்டாம். எங்கே வலி தொடங்குகிறதோ அங்கே நிறுத்தி, "இதுக்கு மேலே ஏலாது" என்று வாயால் சொல்லுங்கள். முகம் சுளிப்பது ஒலிப்பதிவில் விழாது. இடையில் எழும்பி நிற்க வேணும் போலிருந்தால் எழும்புங்கள். அசையாமல் ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்தார் என்பது எத்தனையோ பேருடைய அறிக்கையில் இருக்கிற வசனம்.

அடுத்த மூன்று நாளுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளாதீர்கள். சமைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள், அல்லது யாரிடமாவது சாப்பாடு சொல்லிவையுங்கள். எனக்கு அந்தப் பயணமும் கேள்வியும் சேர்ந்து வலி எகிறி, திரும்பிப் படுக்கவே இவர் பிடிக்க வேண்டி வந்தது. உடம்பை விட மனசுக்குத்தான் கூட அடி. ஏலாததை எல்லாம் ஒரு மணித்தியாலம் தொடர்ந்து சொல்லிவிட்டு வந்தால், அதற்கு முதல் நாள் வரை சமாளித்தவளே வேறு யாரோ போல இருக்கும். இதை யாரும் முன்னமே சொல்வதில்லை. வலியின் அந்த மூன்று நாளையும் குறிப்பில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படலாம்.

முடிவுக் கடிதம் வர முதலே போன் எடுத்து பிஏ4 என்ற நேர்காணல் அறிக்கையின் பிரதி கேட்கலாம். கேளுங்கள். எதற்கு எத்தனை புள்ளி, என்ன காரணம் எல்லாம் அதில்தான் இருக்கும். முடிவு பிழை என்று நினைத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேணும். எனக்கும் கேட்க வேண்டி வந்தது. நான் கோபத்தை எழுதவில்லை. ஒரு பக்கம் அறிக்கையின் வசனம், மறுபக்கம் ஒலிப்பதிவில் நான் சொன்னது எத்தனையாவது நிமிசத்தில், அதற்குக் கீழே எந்தச் செயல், எந்த விதி. கோயில் நிலத்துக்கு எதிரே கோயில் கதிரை. பிசியோவின் கடிதத்திலிருந்து ஒரு வரி. அதில் அன்றாடப் பிரிவின் புள்ளி கூடி எட்டுக்கு வந்தது. நடமாட்டத்துக்கு 8 தந்தார்கள். இங்கிலாந்தில் நடக்கும் செயலுக்கு 8 கிடைத்தால் கார் நிறுத்தும் புளூ பட்ஜுக்குத் தன்பாட்டில் தகுதி வரும், விண்ணப்பித்தால் போதும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றாடப் பிரிவு கிடைப்பவரைக் கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்த்துக்கொள்பவர் கெயரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் வேலை செய்தால் சம்பள வரம்பு இருக்கு, அதைப் பார்த்துச் செய்யுங்கள்.

மறுபரிசீலனையிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். எங்கட கோயிலுக்கு வரும் ஒரு அக்கா அதுவரை போனா. கோர்ட் என்றதும் அவவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. கூண்டு, கறுப்புக் கோட்டு என்று ஊர் ஞாபகம். போனால் ஒரு சாதாரண மேசை, நீதிபதி, டொக்டர், ஊனத்தோடு வாழ்வது பற்றி அனுபவம் உள்ள ஒருவர் என மூன்று பேர். காசு கட்டத் தேவையில்லை. அந்த டொக்டர் அவவின் மருந்துகளைப் பற்றிக் கேட்ட கேள்வியிலேயே, முதல் தடவையாக விளங்கினவர் ஒருத்தர் கேட்கிறார் என்று இருந்ததாம். விசாரணை வரை போகிற பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவர் பக்கம்தான் முடிகின்றன. பாதி வழியில் களைத்து விடுகிறவர்கள்தான் கூட. வலியோடு இருப்பவர்களைக் களைக்க வைக்கிற முறை இது என்றே நான் நினைக்கிறேன்.

விசாவில் அரச நிதி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனை இருப்பவர்கள் தயவுசெய்து யாருடைய பேச்சையும் கேட்டு விண்ணப்பிக்க வேண்டாம். பிப் அந்தப் பட்டியலில் இருக்கிறது, விசாவுக்கே வில்லங்கம் வரும். முதலில் குடிவரவு தெரிந்த ஆலோசகரிடம் கேளுங்கள். 2025 மார்ச்சில் அரசாங்கம் கொண்டுவரப் பார்த்த மாற்றத்தையும் பலர் பயந்து கேட்கிறார்கள். அன்றாடப் பிரிவில் ஏதாவது ஒரு செயலிலாவது 4 புள்ளி இருக்க வேணும் என்று சொன்னார்கள். இரண்டு இரண்டாகச் சேர்த்து எட்டுக்கு வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அது கழுத்துக்கு வந்த கத்தி. அந்த ஜூலை மாதம் ஆளும் கட்சி எம்பிக்களே எதிர்த்ததால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் மீளாய்வு ஒன்றை அறிவித்தார்கள். செய்தியைப் பார்த்துக்கொண்டிருங்கள். வட்ஸ்அப்பில் வருவதை நம்பி உங்கட விண்ணப்பத்தை நிறுத்த வேண்டாம்.

பெரும்பாலான ஆட்களுக்கு பிப் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். அது முடிய முதல் மறுஆய்வுப் படிவம் வரும். அதில் மாற்றம் இருக்கா இல்லையா என்று கேட்பார்கள். "மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்ப ஆசையாக இருக்கும். அப்படி அனுப்பாமல், முதல் அனுப்பிய படிவத்தின் பிரதியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு செயலுக்கும் இப்போது எவ்வளவு நேரம், யார் உதவி, பிறகு எவ்வளவு படுக்கை என்று திரும்பவும் எழுதுங்கள். பார்க்கப் போகிறவர் புது ஆள். அனுப்ப முதல் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள், தபால் அலுவலகத்தில் அனுப்பிய ரசீதையும் சேர்த்து.